சிலோக்: முந்தைய இரவில் தொடங்கும் பிலிப்பினோ காலை உணவு

உடன் பணிபுரியும் பிலிப்பினோ நண்பர்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு அழைத்திருப்பதாகவும், அவர்கள் ஊர்ச் சமையலையே நால்வருக்குச் செய்து பரிமாற விரும்புவதாகவும், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். காலையில் புதிதாகச் சோறு வடித்து அதையே வறுக்கலாமா என்பதும், இனிப்பான இறைச்சியைக் காலையில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதும் உங்கள் துணைக் கேள்விகள். துபாயில் சில ஆண்டுகள் பிலிப்பினோத் தோழர்களோடு ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்டு, அவர்கள் சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தும் பிறகு தனியே பலமுறை சமைத்தும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்தக் காலை உணவின் வேலையில் பெரும்பகுதி சனிக்கிழமை இரவே முடிந்துவிட வேண்டும். சோறு ஆற வேண்டும், இறைச்சி ஊற வேண்டும், வினிகரில் பூண்டும் மிளகாயும் இறங்க வேண்டும். காலையில் மீதமிருப்பது அடுப்பில் அரை மணி நேர வேலைதான்.

நீங்கள் செய்யப்போகும் தட்டின் பெயர் சிலோக். பூண்டு போட்டு வறுத்த சோற்றுக்குச் சினாங்காக் என்றும் முட்டைக்கு இட்லோக் என்றும் தகலோக் மொழியில் பெயர். முன்னதன் தலையையும் பின்னதன் வாலையும் ஒட்டியதே சிலோக். அதன் முன்னால் எந்த இறைச்சி அல்லது மீன் சேர்கிறதோ அதன் முதல் அசை வந்து ஒட்டிக்கொள்ளும். தாப்பா என்னும் ஊறவைத்த மாட்டிறைச்சி சேர்ந்தால் தாப்சிலோக், தோசினோ என்னும் இனிப்பான பன்றி இறைச்சி சேர்ந்தால் தோசிலோக், லொங்கனிசா என்னும் தொத்திறைச்சி சேர்ந்தால் லோங்சிலோக், பங்குஸ் மீன் சேர்ந்தால் பங்சிலோக். தாப்சிலோக் என்ற சொல்லை 1980களில் மணிலாவுக்கு அருகிலுள்ள மரிக்கினாவில் உணவகம் நடத்திய விவியன் டெல் ரொசாரியோ புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. பெயர் புதிதே தவிர, நேற்றைய சோற்றைப் பூண்டோடு வறுத்து உப்பிட்ட மீனோடோ இறைச்சியோடோ உண்ணும் வழக்கம் அந்தத் தீவுகளின் வீடுகளில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உள்ளது.

சோற்றிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் தட்டின் நடுவில் இருப்பது அதுதான். சோறு சரியாக வராவிட்டால் மற்றவை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் உங்கள் நண்பர்களுக்கு அது வீட்டுச் சாப்பாடாகத் தோன்றாது. நம்மைப் போலவே அவர்களும் சோற்றின் ஒவ்வொரு நிலைக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். நெல் பாலாய், அரிசி பிகாஸ், சோறு கானின், கஞ்சி லுகாவ், பானையின் அடியில் பிடித்த காந்தல் துதோங். இரவில் மீந்து ஆறிய சோற்றுக்குப் பாஹாவ் என்று பெயர். சினாங்காக் இந்தப் பாஹாவிலிருந்துதான் பிறக்கிறது. எனவே உங்கள் முதல் துணைக் கேள்விக்கு விடை, புதுச் சோறு கூடாது என்பதே. வடித்த சூட்டோடு இருக்கும் சோற்றின் மேற்பரப்பில் ஈரமும் மாவுப்பசையும் இருப்பதால் அது வாணலியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு குழையும். ஓர் இரவு குளிர்ந்த சோற்றில் மாவுச்சத்து இறுகி, மேல் ஈரம் வற்றி, ஒவ்வொரு பருக்கையும் தனித்து நிற்கும். அப்படி நின்றால்தான் எண்ணெயும் பூண்டும் பருக்கையைச் சுற்றிப் பிடிக்கும்.

நால்வருக்கு இரண்டு கோப்பை அரிசி போதும். பாஸ்மதி மிகவும் உதிரியானது, அதன் மணமும் இங்கே பொருந்தாது. புழுங்கலரிசியின் மணம் முற்றிலும் வேறு. மல்லிகை அரிசி என்று விற்கும் தாய்லாந்து அரிசியோ பொன்னிப் பச்சரிசியோ நெருங்கி வரும். வழக்கத்தைவிடச் சற்றுத் தண்ணீர் குறைத்து வேகவையுங்கள். வெந்ததும் அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கிய உடனே மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். வெப்பமான சமையலறையில் சோற்றை இரவு முழுவதும் வெளியே விட்டால், வேகவைத்தும் சாகாத சில நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு வறுத்தாலும் அந்த நச்சு போகாது. நம் வீட்டில் நீரூற்றி வைக்கும் பழைய சோறும் இதற்கு ஆகாது. அது நீரில் ஊறிப் புளித்திருக்கும், இங்கே தேவைப்படுவது உலர்ந்த சோறு.

காலையில் செய்ய வேண்டியதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இலோகோஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு தோழி. அவர் கரண்டியைத் தொடும் முன் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து விரல் நுனிகளை மட்டும் நனைத்துக்கொண்டு, குளிர்ந்த சோற்றுக் கட்டியைப் பூவைப் பிரிப்பதுபோல் பருக்கை பருக்கையாக உதிர்ப்பார். கரண்டியால் குத்தி உடைத்தால் பருக்கை நொறுங்கும் என்பார். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்த நான் முயன்ற போதெல்லாம் சோறு பாழானது. ஒரு முழுப் பூண்டை, அதாவது பத்துப் பன்னிரண்டு பல்லை, தட்டித் தோலுரித்துப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயை வாணலியில் ஊற்றி, எண்ணெய் சூடேறும் முன்பே பூண்டைப் போட்டுச் சிறுதீயில் வையுங்கள். காய்ந்த எண்ணெயில் போட்டால் ஓரம் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். குளிர்ந்த எண்ணெயோடு சேர்ந்து சூடேறும் பூண்டு தன் மணம் முழுவதையும் எண்ணெய்க்குக் கொடுத்துவிட்டு மெல்லப் பொரியும். வைக்கோல் நிறம் வந்தவுடன் பாதியை அரித்தெடுத்துத் தனியே வையுங்கள். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், எடுத்த பிறகும் அது தன் சூட்டிலேயே நிறம் ஏறும். கருகிய பூண்டின் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது. இப்போது தீயைக் கூட்டி, உதிர்த்த சோற்றையும் ஒரு தேக்கரண்டி உப்பையும் சேர்த்துப் புரட்டி, பிறகு அரை நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். அடியில் மெல்லிய பொடிப்பொடிச் சத்தம் கேட்கும், அது பருக்கைகள் முறுகும் சத்தம். மீண்டும் புரட்டி, மீண்டும் விடுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். சோயா சாறு, வெங்காயம், கேரட், பட்டாணி எதுவும் வேண்டாம். அவை சேர்ந்தால் அது வேறு வறுத்த சோறு. தட்டில் வைத்த பின் எடுத்துவைத்த பூண்டை மேலே தூவுங்கள்.

அடுத்ததாக வினிகர். பல சமையல் குறிப்புகள் இதை ஓரத்தில் வைக்கும் தொட்டுக்கொள்ளும் பொருளாக மட்டும் குறிப்பிட்டுவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கும். இறைச்சியின் இனிப்பும் கொழுப்பும், வறுத்த சோற்றின் எண்ணெயும், முட்டையின் வழவழப்பும் ஒரே தட்டில் சேரும்போது அவற்றைத் தூக்கி நிறுத்துவது வினிகரின் புளிப்புதான். இனிப்பான இறைச்சியைக் காலையில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது: அவர்கள் அதைத் தனியே உண்பதில்லை, ஒவ்வொரு கவளத்திலும் உப்புச் சோறும் புளித்த வினிகரும் கூடவே போகின்றன. பிலிப்பைன்ஸில் வினிகர் ஊருக்கு ஊர் மாறும். இலோகோஸில் கரும்புச் சாற்றிலிருந்து செய்த கருத்த வினிகர், புலக்கான் மாகாணத்துப் பாவோம்போங்கில் நீப்பா பனையின் சாற்று வினிகர், விசயாத் தீவுகளில் தென்னங்கள் வினிகர். இவற்றில் தென்னங்கள் வினிகர் இலங்கைப் பொருள்கள் விற்கும் கடைகளில் தேங்காய் வினாகிரி என்ற பெயரிலும் கிடைக்கும், அது மிகவும் பொருத்தமானது. வெறும் வெள்ளை வினிகர்தான் கையிலிருக்கிறது என்றால் கால் பங்கு தண்ணீரும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் கலந்து காரத்தைத் தணித்துக்கொள்ளுங்கள். அரைக் கோப்பை வினிகரில் தட்டிய பூண்டு மூன்று பல், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் நான்கு, இடித்த மிளகு, உப்பு, கீறிய மிளகாய் இரண்டு ஆகியவற்றைப் போட்டு இரவே மூடி வையுங்கள். அவர்களுடைய லபூயோ மிளகாய்க்கு நம் காந்தாரி மிளகாய் நெருங்கிய உறவு. கிடைத்தால் அதையே போடுங்கள்.

இறைச்சியில் முதன்முதலாகச் செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது தாப்பா. பழங்காலத்தில் இறைச்சியை உப்பிட்டு வெயிலிலோ புகையிலோ உலர்த்தியதே தாப்பா. இன்று வீடுகளில் பெரும்பாலும் ஊறவைத்து அப்படியே பொரிக்கிறார்கள். அரைக் கிலோ மாட்டிறைச்சியை, கொழுப்பும் சவ்வும் குறைந்த பகுதியாகப் பார்த்து வாங்கி, உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வைத்துச் சற்று இறுகியதும் நாரின் போக்குக்குக் குறுக்காக மெல்லிய துண்டங்களாக அரியுங்கள். நாரோடு சேர்த்து அரிந்தால் மென்று முடியாது. சோயா சாறு நான்கு மேசைக்கரண்டி, கலமான்சி என்னும் அவர்களுடைய சிறு எலுமிச்சையின் சாறு மூன்று மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, இடித்த பூண்டு ஆறு பல், மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து இறைச்சியைப் பிசறி இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வையுங்கள். கலமான்சி கிடைக்காவிட்டால் எலுமிச்சைச் சாற்றில் சிறிது ஆரஞ்சுச் சாற்றைக் கலந்தால் அந்த வாசனைக்குப் பக்கத்தில் வரும். புளிப்பில் ஒரு நாளுக்கு மேல் ஊறினால் இறைச்சி மாவுபோல் ஆகிவிடும். காலையில் ஊறிய சாற்றோடும் அரைக் கோப்பைத் தண்ணீரோடும் வாணலியில் கொதிக்கவிட்டு, நீர் வற்றியதும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி ஓரங்கள் கருஞ்சிவப்பாக முறுகும்வரை புரட்டுங்கள்.

தோசினோவும் ஏறக்குறைய இதே முறைதான், ஆனால் சர்க்கரை அதிகம் என்பதால் கவனமும் அதிகம் வேண்டும். பெயர் ஸ்பானிய மொழியில் உப்பிட்ட பன்றிக் கொழுப்பைக் குறிப்பது. பம்பாங்கா மாகாணத்தார் அதை இனிப்பும் சிவப்புமான தங்கள் உணவாக மாற்றிக்கொண்டார்கள். மரபாகப் பன்றியின் தோள்பட்டை இறைச்சியில் செய்வார்கள். பன்றி உண்ணாத வீடென்றால் கோழித் தொடையில் செய்யுங்கள்; பிலிப்பினோக்களே கோழித் தோசினோ செய்து விற்கிறார்கள், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். அரைக் கிலோ இறைச்சிக்கு நாட்டுச் சர்க்கரை 100 கிராம், உப்பு இரண்டு தேக்கரண்டி, பூண்டு நான்கு பல், மிளகு, அரைக் கோப்பை அன்னாசிச் சாறு. இதில் கவனிக்க வேண்டியது அன்னாசி. புதிதாகப் பிழிந்த அன்னாசிச் சாற்றில் புரதத்தைக் கரைக்கும் நொதி ஒன்று இருப்பதால் இரவு முழுவதும் ஊறிய இறைச்சி குழைந்துவிடும். டப்பாவில் வரும் சாறு சூடாக்கப்பட்டது, அதில் அந்த நொதி செயலிழந்திருக்கும். ஆகவே டப்பாச் சாற்றையே வாங்குங்கள். கடையில் விற்கும் தோசினோவின் பளிச்சென்ற சிவப்பு சாயத்தாலும் வெடியுப்பாலும் வருவது, வீட்டில் அது தேவையில்லை. நிறம் வேண்டுமென்றால் பீட்ரூட் சாறு ஒரு கரண்டி போதும். ஒரு கோப்பைத் தண்ணீரில் இறைச்சியை வேகவிட்டு, நீர் வற்றி, இறைச்சியின் கொழுப்பே பிரிந்து வந்து, சர்க்கரை பாகாகி ஒட்டும் கடைசி மூன்று நிமிடத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள். கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் ஒரு கரண்டி எண்ணெய் சேர்க்க வேண்டியிருக்கும்.

லொங்கனிசாவை வீட்டில் குடலில் அடைத்துச் செய்ய நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. பிலிப்பினோ கடையில் நல்லது கிடைக்கும். எது என்று கேட்டு வாங்குங்கள், ஏனெனில் ஊர் மாறினால் சுவையே மாறிவிடும். விகான் நகரத்தது பூண்டும் புளிப்புமாக இருக்கும், லுக்பானது ஓரிகானோ மணக்கும், பம்பாங்காவினது இனிக்கும். உங்கள் நண்பர்கள் எந்த மாகாணத்தவர் என்று முன்பே விசாரித்து அந்த ஊருடையதை வைத்தால் அவர்கள் முகத்திலேயே தெரியும்.

கடலோரத்தவருக்கு இறைச்சியைவிட மீன்தான் காலை உணவு. பங்குஸ் என்பது நம் ஊரில் பால்கெண்டை என்று அழைக்கப்படும் மீன். லூசோன் தீவின் தகூபான் நகரம் அதற்குப் புகழ்பெற்றது. வயிற்றுப் பக்கம் அறுக்காமல் முதுகுப் பக்கமாக நீளப் பிளந்து புத்தகம்போல் விரித்து, ஒரு கோப்பை வினிகர், தட்டிய முழுப் பூண்டு ஒன்று, முழு மிளகு, ஒரு மேசைக்கரண்டி உப்பு ஆகியவற்றில் இரவு ஊறவைப்பார்கள். கொழுப்பு நிறைந்த வயிற்றுப் பகுதி கெடாமல் விரிந்து கிடைப்பதற்காகவே இந்த முதுகுப் பிளவு. அந்த வயிற்றுத் துண்டு யாருக்கு என்பதில் வீடுகளில் போட்டியே நடக்கும். இந்த மீனில் நுண்முள் மிக அதிகம் என்பதால் முள் நீக்கி உறையவைத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். பொரிக்கும் முன் துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். இல்லையென்றால் எண்ணெய் கடுமையாகத் தெறிக்கும்.

கருவாட்டிலும் அவர்களுக்கு நம்மைப் போலவே பல வகை உண்டு. செபு பக்கத்து டங்கிட் என்பது ஓரா மீனைப் பிளந்து உலர்த்தியது, தில்லிஸ் நெத்திலி. துயோ என்பது சிறு சூடை, சாளை வகை மீன்களை உப்புநீரில் ஊறவைத்து முழுசாகவே காயவைத்தது. எண்ணெயில் இரு புறமும் சில நொடிகள் பொரித்தால் போதும். தக்காளித் துண்டோடும் வினிகரோடும் துயோவும் வறுத்த சோறும் சேர்ந்தால், செலவு மிகக் குறைந்த, என் நாவுக்கு மிக நிறைவான பிலிப்பினோ காலை உணவு அதுவே.

முட்டைக்கு ஒரே ஒரு சொல்: எண்ணெயைக் குறைக்காதீர்கள். இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் முட்டையை உடைத்து ஊற்றி, வாணலியைச் சாய்த்துச் சூடான எண்ணெயைக் கரண்டியால் வெள்ளைக்கருவின் மேல் வாருங்கள். ஓரம் சரிகைபோல் முறுகி மஞ்சள்கரு மட்டும் குழைவாக நிற்கும். அதைச் சோற்றில் உடைத்துப் பிசைந்துகொள்வார்கள். இறைச்சியும் மீனும் உண்ணாதவர் ஒருவர் வருவதானால், கத்தரிக்காயைக் காம்போடு நெருப்பில் சுட்டுத் தோலுரித்து, காம்பைப் பிடித்தபடியே முட்கரண்டியால் தட்டையாக நசுக்கி, அடித்த முட்டையில் தோய்த்துப் பொரியுங்கள். அதற்குத் தோர்த்தாங் தலோங் என்று பெயர். அதுவும் வினிகரோடும் பூண்டுச் சோற்றோடும் முழுச் சாப்பாடாகும். பக்கத்தில் வைக்க அட்சாரா இருந்தால் நல்லது. பச்சைப் பப்பாளியைச் சீவி உப்பிட்டுப் பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த வினிகரில் கேரட், இஞ்சியோடு போடும் ஊறுகாய் அது. நாம் அச்சாறு என்று சொல்கிறோமே, அதே சொல்தான் கடல் கடந்து அங்கே அட்சாரா ஆயிற்று. இரண்டு மூன்று நாள் ஊறினால்தான் சுவை கூடும், ஆகவே வியாழக்கிழமையே போட்டுவிடுங்கள். நேரமில்லையென்றால் தக்காளியும் வெள்ளரியும் அரிந்து உப்புத் தூவி வைத்தால் போதும்.

குழந்தைகள் வருவதானால் சம்பொராடோவும் செய்யுங்கள். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களோடு கொக்கோவும் வந்தது; மெக்சிகோவில் சோள மாவில் காய்ச்சும் சாக்லேட் கஞ்சி இங்கே வந்ததும் சோளத்தை விட்டு ஒட்டரிசிக்கு மாறியது. ஒரு கோப்பை ஒட்டரிசியை ஐந்து கோப்பைத் தண்ணீரில் கிளறிக்கொண்டே வேகவிட்டு, பாதி வெந்ததும் தப்லேயா என்னும் கொக்கோ வில்லைகள் நான்கைப் போட்டுக் கரையவிட்டு, கெட்டியானதும் அரைக் கோப்பைச் சர்க்கரை சேருங்கள். சர்க்கரையை முதலிலேயே போட்டால் அரிசி வேகத் தாமதமாகும். பரிமாறும்போது மேலே பாலை ஊற்றி, பக்கத்தில் பொரித்த துயோவை வையுங்கள். சாக்லேட் கஞ்சிக்குக் கருவாடா என்று தயங்க வேண்டாம். கசப்பும் இனிப்புமான கஞ்சிக்கு அந்த உப்புக் கருவாடு எப்படிப் பொருந்துகிறது என்பதை ஒரு வாய் உண்டு பாருங்கள்.

காப்பிக்குப் பத்தாங்காஸ் மாகாணத்துப் பாராகோ கிடைத்தால் வாங்குங்கள். லிபேரிக்கா இனத்தைச் சேர்ந்த, மணமும் கனமும் மிகுந்த கொட்டை அது. வடிகட்டி இல்லாமலே கொதிநீரில் தூளைப் போட்டு, இறக்கி மூடி, தூள் அடியில் தங்கியதும் தெளிவாக ஊற்றுவார்கள். பத்தாங்காஸ்காரர் யாராவது அந்தக் காப்பியைச் சோற்றின் மேலேயே ஊற்றிக்கொண்டால் வியப்படையாதீர்கள். அது அவர்கள் ஊரின் பழைய வழக்கம்.

ஞாயிறு காலையில் அடுப்பு வேலையை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் இறைச்சியை நீரில் வற்றவிடுங்கள், அது தானாக வேகும் நேரத்தில் சோற்றை உதிர்த்துப் பூண்டை நறுக்குங்கள், இறைச்சி முறுகியதும் எடுத்து மூடி வையுங்கள், சோற்றை வறுங்கள். நண்பர்கள் வந்து மேசையில் அமர்ந்த பிறகே முட்டையை ஊற்றுங்கள், ஏனெனில் அது மட்டும் காத்திருக்காது. முதல் முறைக்குத் தாப்பா ஒன்றே போதும், மூன்று வகை இறைச்சிக்கு ஆசைப்பட வேண்டாம். ஆளுக்கொரு கரண்டியும் முட்கரண்டியும் வையுங்கள். வலக்கையில் கரண்டி, இடக்கையில் முட்கரண்டி என்பதே அவர்கள் வழக்கம், கத்தி வேண்டியதில்லை. கையாலேயே உண்ண விரும்புபவர்களும் இருப்பார்கள், ஆகவே கை கழுவத் தண்ணீரும் துண்டும் பக்கத்தில் இருக்கட்டும். வினிகர்க் கிண்ணத்தை மேசையின் நடுவில் பொதுவாக வைக்காமல் ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் வையுங்கள்.